படிக்காதவர்களுக்கு இரண்டு மதிப்பெண்

சவரக் கண்ணாடியை அம்மா தினமும் காலையில் நிமிர்த்தி வைப்பாள். அப்பா பல் துலக்கிவிட்டு வந்து, "யாரு இதைக் கோணலாக்கினது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை இடப்பக்கம் சாய்ப்பார். பிறகு ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, திருப்தியாகி, முகத்துக்கு நுரை பூசுவார். மறுநாள் காலையில் அம்மா மறுபடி நிமிர்த்துவாள். இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்த நாட்களில் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் நிஜமாகிவிடும் என்ற பயம்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது டம்ளர் இடது கையிலிருந்து நழுவியது. மூளையின் வலப்பக்கம், பின்புறமாக, கொட்டைப்பாக்கு அளவு இடத்துக்கு ரத்தம் நின்றுபோயிருந்தது. கை திரும்பிவிட்டது. நடை திரும்பிவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "வாய் போயிருந்தா உங்கம்மா மொட்டை போட்டிருப்பா, சந்தோஷத்துல," என்று அவரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மகளிடம் சொன்னார். நர்ஸ் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

கையும் காலும் வந்தது போதாது, கண்ணும் மூளையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொன்னால்தான் ஸ்டியரிங் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தேறாவிட்டால் வண்டி கழுவுகிற கொட்டகை. சம்பளம் பாதிக்கும் கீழே. இதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆஸ்பத்திரியில், மூளை நரம்புப் பிரிவின் சோதனை அறையில்தான் மகள் பயிற்சியில் இருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். உளவியல் படித்தவள். "பைத்தியக்கார டாக்டரா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லிக் கடைசியில், "ஆமா, முதல் கேஸ் நீங்கதான்," என்று சொல்லத் தொடங்கியவள். அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்காது, நாக்கின் மேல் இருக்கும்.

சோதனை சிக்கலானது இல்லை. ஒரு தாளில் பாதி விசிறி போலப் பதினோரு கோடுகள் விரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அதற்கு மேலே தனியாக இரண்டு கோடுகள். மேலே இருக்கிற இரண்டும் விசிறியில் எந்தெந்தக் கோடுகளோடு ஒத்த சாய்வில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். முப்பது தாள். பத்தொன்பது சரியாக இருந்தால் தேர்ச்சி.

நம் கண்ணுக்குப் பின்னால், மண்டையின் பிடரிப் பக்கத்தில், கோட்டுக்கென்றே செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சாய்வுக்குத்தான் துள்ளும். நிமிர்ந்த கோட்டுக்குத் துள்ளுவது படுத்த கோட்டைக் கண்டால் தூங்கும். நிமிர்ந்ததுக்கும் படுத்ததுக்கும் ஆட்கள் அதிகம். சாய்ந்த கோடுகளுக்குக் குறைவு. அதனால் எல்லோருமே சாய்ந்ததில்தான் தடுமாறுவார்கள். அத்தனை பேர் சொல்வதையும் கூட்டி, எது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று முடிவு சொல்லும் வேலை பெரும்பாலும் வலப்பக்க மூளைக்கு. அப்பாவுக்கு அடி விழுந்தது அங்கேதான்.

அவள் இதைச் சொன்னபோது அப்பா கவனமாகக் கேட்டார். "ஆக, நேர் ரோட்டு ஆளுங்க ட்யூட்டிக்கு வந்துட்டாங்க. சாஞ்ச ரோட்டு ஆளுங்க ஸ்டிரைக்."

"ஆளுங்க இருக்காங்கப்பா. கணக்கு எடுக்கிற ஆபீஸ்தான் மூடிக் கிடக்கு."

"எல்லா டிப்போவிலயும் அதே கதைதான்," என்றார் அப்பா.

அந்தச் சோதனையில் ஒரு சலுகை இருந்தது. எட்டாம் வகுப்புக்குக் கீழே படித்தவர்களுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட வேண்டும். பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"படிக்காதவனுக்குக் கோடு தெரியாதா மேடம்? கொத்தனாருக்குத் தெரியாதா? தையல்காரிக்குத் தெரியாதா?"

அறைக்குப் பொறுப்பான மேடம் நல்ல மாதிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "தெரியும்மா. ஆனா காகிதத்துல போட்ட கோட்டைப் பாத்துப் பழகலை. அதனால ரெண்டு மூணு குறையும். அது மூளைக் கோளாறு இல்லையே. அதுக்குத்தான் கூட்டறோம்."

"அப்ப இது காகிதம் பாத்துப் பழகினவங்க தங்களுக்குத் தாங்களே செஞ்சுக்கிட்ட சோதனைன்னு சொல்லுங்க."

"நீ பயிற்சி முடிக்கறதுக்குள்ள இங்க யூனியன் ஆரம்பிச்சிருவ போல," என்று மேடம் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சலுகையை அவள் மதிக்காமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரிய டாக்டரின் மாமனார், மூன்று ஜவுளிக் கடைக்குச் சொந்தக்காரர், ஒருநாள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கார் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். வெளியே காத்திருந்த நேரமெல்லாம் கல்லூரியில் தான் ஹாக்கி ஆடிய கதையை வாசலில் இருந்த காவலாளிக்கு அளந்தவர் அவர். மேடம் அன்று விடுப்பு. பதினெட்டு வந்தது. "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். பெரியவர் உடன் வந்திருந்த டாக்டர் மருமகனைப் பார்த்தார். மருமகன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆறுன்னு போடும்மா," என்றார். அவள் போட்டாள். அவள் கையெழுத்தில்தான் அந்த ஆறு இருக்கிறது. மீன் முள்ளைப் போல அது அவள் தொண்டையிலேயே நின்றது; விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அப்பா உண்மையிலேயே ஐந்தாவது. ஆனால் கம்பெனியில் பத்து. அவர் சேர்ந்தபோது பத்துப் படித்திருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. கேட்டார்கள், பத்து என்றார், நம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பொய்யை அவர் மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். டிப்போவில் யாராவது பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தால் எழுந்து போய் டயரைத் தட்டிப் பார்ப்பார். வீட்டில் சோப்பு உறையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று, "இனிமே நம்ம வீட்டுல பொய் சொல்லாத ஒரு ஆளு," என்று சொல்லிவிட்டு, அவளுக்காக இரட்டை ஷிஃப்ட் ஓட்டப் போனார்.

சோதனைத் தேதி வந்ததும் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு வா. மனப்பாடம் பண்ண வைப்போம்."

"கொண்டு வரக் கூடாதும்மா."

"கோயில் நகையா அது?"

"அதைவிட மோசம். கொண்டு வந்தா என் பயிற்சியே போயிடும்."

தாள் வரவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களைத் தரையில் தீக்குச்சிகளை விசிறியாக அடுக்கினாள். மேலே இரண்டு குச்சி. "சொல்லுங்க."

நிமிர்ந்ததையும் படுத்ததையும் அப்பா உடனே சொன்னார். சாய்ந்தது வந்ததும் உதட்டைக் கடித்தார். "நாலு." இல்லை. "மூணு." இல்லை. "ரெண்டு." சரி. அப்புறம் திடீரென்று எல்லாமே சரியாக வந்தது. வரிசையாக ஏழெட்டு. அம்மா கைதட்டப் போனாள். மகளுக்கு ஏதோ உறுத்தியது. குச்சியிலிருந்து பார்வையை எடுத்து நிமிர்ந்து பார்த்தாள். அப்பா குச்சியைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை விசிறியின் மேலே மெதுவாக நகர்த்தி, அவள் புருவம் எங்கே தளர்கிறதோ அங்கே நிறுத்தினார்.

"இது திருட்டுத்தனம்பா."

"பின்னாடி வர்ற வண்டியைக் கண்ணாடியில பாத்து ஓட்டறது திருட்டுத்தனமா? எது தெரியுதோ அதைப் பாக்கறேன்."

அம்மா சிரித்தாள், டம்ளர் நழுவிய பிறகு வந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக. மகள் குச்சிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பு அவளை ஆஸ்பத்திரியில் விட அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். வேண்டாம் என்றாள். "பஸ்ஸைத்தானே தடுத்திருக்காங்க, இது பஸ்ஸா?" என்றார். தெரு நேராக இருந்த வரை வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. பள்ளிக்கூடத்தை ஒட்டிச் சாலை சாய்வாகப் பிரியும். அங்கே நடைபாதையின் விளிம்பும் சாலையோடு சேர்ந்து சாய்ந்தே ஓடும். அப்பா அதைச் சாயாத விளிம்பு போல நினைத்து ஓட்டினார். அவள் கத்துவதற்குள் முன் சக்கரம் விளிம்பில் ஏறி, நடைபாதையில் நின்ற ஒரு சிறுமியின் முழங்காலை உரசி நின்றது. சிறுமியின் நீலத் தண்ணீர் பாட்டில் சாலையில் உருண்டது. அடி இல்லை. அழவும் இல்லை. சிறுமி வாயைத் திறந்தபடி அப்பாவையே பார்த்தாள்.

அப்பா பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "வண்டி இடப்பக்கம் இழுக்குது பாப்பா. அலைன்மென்ட் போயிருச்சு."

போன வாரமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின வாரமும். மெக்கானிக் மூன்று முறை சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிவிட்டு, "வண்டி குதிரை மாதிரி இருக்குண்ணே," என்று கையை விரித்திருந்தான். இருபத்தைந்து வருடம் வண்டியோடு வாழ்ந்த மனிதர். உலகம் சாய்ந்தால் வண்டியில்தான் கோளாறு என்று நினைக்கத்தான் அவருக்குத் தெரியும்.

மீதித் தூரத்தை அவள் நடந்தாள்.

சோதனை அன்று அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். காலரின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. உறவுக்காரரை உறவுக்காரர் சோதிக்கக் கூடாது. ஆனால் இன்னொரு பயிற்சிப் பெண் வரவில்லை. "நான் தாளைக் காட்டறேன். நீ பக்கவாட்டில உக்காந்து அவர் சொல்றதை எழுது, போதும்," என்றார் மேடம்.

நிமிர்ந்தது, படுத்தது எல்லாம் சரியாகப் போயிற்று. மேடம் புன்னகையோடு தாளைப் புரட்டினார். பிறகு சாய்ந்தவை தொடங்கின. அப்பாவின் விரல் விசிறியின் மேலே மிதந்தது. தலை மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. அவள் முகத்தைத் தேடியது.

அவளுக்குச் சரியான விடை தெரியும். முப்பது தாளும் மனப்பாடம். புருவத்தை ஒரு நூல் தளர்த்தினால் போதும், மேடம் கண்டுபிடிக்கப்போவதில்லை. அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்தாள். மூக்கு விடைத்தாளில் படும் அளவுக்குக் குனிந்தாள். அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. "நாலு... இல்ல... அஞ்சு மேடம்." எழுதினாள். "எட்டு?" எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் அவர் அவளுடைய வகிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினேழு.

மேடம் பெருமூச்சு விட்டார். பிறகு வழக்கமான கேள்வி, வழக்கமான குரலில். "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

அது எதற்கான கேள்வி என்று நோயாளிகளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் எல்லோரும் ஜவுளிக் கடைக்காரர் ஆகிவிடுவார்கள். அப்பாவின் முதுகு விறைத்தது. கம்பெனி அனுப்பிய ஆஸ்பத்திரி, கம்பெனி கேட்கிற கேள்வி.

"பத்து," என்றார்.

மேடத்துக்கு ஏதோ சந்தேகம். அவர் அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

கம்பெனிக்குப் போகும் சீட்டில் மதிப்பெண்ணும் தேர்ச்சியும் மட்டுமே இருக்கும், படிப்பு இருக்காது. மேடம் காட்டிக் கொடுக்கிற ரகமும் இல்லை. அஞ்சு என்று ஒரு சொல் போதும், அப்பா திங்கட்கிழமை ஸ்டியரிங்கில். அதுவும் பொய்கூட இல்லை, சத்தியமான சத்தியம். ஹாக்கி ஆடியவருக்கு இரண்டு கொடுத்த கை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதோடு நீலத் தண்ணீர் பாட்டிலும் உருண்டு வந்தது. ஸ்கூட்டருக்குப் பதிலாக அங்கே பஸ்ஸை நிறுத்திப் பார்த்தாள்.

"பத்துதான் மேடம்," என்றாள்.

வெளியே வந்ததும் அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வேலை போன மனிதரின் முகமாக அது இல்லை. "எங்க போட்டுக் குடுத்துருவியோன்னு ஈரக்குலை நடுங்கிப்போச்சு பாப்பா. ஸ்டியரிங் போனாப் போகுது. மானம் நின்னுச்சு. என்ன இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான்."

வாசல் கடையில் அவளுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். மறுக்கவில்லை. டம்ளரின் அடி தெரியும் வரை, அவர் பார்த்துக்கொண்டிருக்க, குடித்தாள்.

அம்மாவிடம் அந்த மாதிரி எதுவும் எடுபடவில்லை. "உன் ஆஸ்பத்திரி. உன் மேடம். உன் கையில பேனா. ஒரு நம்பரை மாத்திப் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவருக்குக் கோடு தெரியலம்மா."

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியல. நான் சமைக்கலையா, குடும்பம் நடத்தலையா? படிச்சவ இருக்கான்னு இருந்தோம். விளக்கு வாங்கி வச்சோம், அது பக்கத்து வீட்டுக்குத்தான் எரியுது."

அப்பா அதட்டினார். "அவளை ஏன் திட்டற? அவ என்னைக் காப்பாத்திட்டா. உனக்குப் புரியாது."

அம்மா திட்டியதைவிட அப்பா தாங்கிப் பேசியதுதான் அவளைக் குத்தியது.

அப்பா கொட்டகைக்குப் போனார். தான் ஓட்டிய வண்டியைத் தானே கழுவினார். ரப்பர் செருப்பின் ஈரம் காலில் ஏறி விரலிடுக்கு புண்ணானது. சாயங்காலம் வந்து காலுக்குக் களிம்பு பூசும்போது, "ஒண்ணு பாப்பா, கழுவும்போதுதான் தெரியுது, எவ்வளவு அழுக்கு வண்டியை ஓட்டியிருக்கேன்னு," என்பார். இரண்டு வேளை பால் ஒரு வேளையானது. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஜவுளிக் கடைக்காரரின் கறுப்புக் கார் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, இரண்டு வண்டி நிற்க வேண்டிய இடத்தில் குறுக்கே சாய்ந்து நிற்கும். காவலாளி அதற்கு வணக்கம் வைப்பான். அவள் ஒவ்வொரு முறையும் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவாள். யாரிடம் சொல்வது? சொன்னால், அந்த ஆறை எழுதியது யார் என்று முதலில் கேட்பார்கள். உலகத்துக்கெல்லாம் வளைந்த கோல், பெற்ற தகப்பனுக்கு மட்டும் நிமிர்ந்து நின்றது. அது நியாயமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். சாலையில் நிற்கிற பிள்ளைக்கு நியாயம். மற்றபடி இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு மாலை ஹாரன் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்த டிரைவர். குரலால் அந்தப் பெயர். படிப்பே கேட்காத காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். குளியலறையில் வழுக்கி மண்டையில் அடிபட்டு, அவரையும் அதே சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அவள் வேறு வார்டில் இருந்தாள்.

"தம்பி, பாஸ்!" என்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முழங்கினார்.

"அட. அந்தக் கோட்டையெல்லாம் எப்படிண்ணே பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்? கண்ணை மூடிக்கிட்டு லாட்டரி மாதிரி நம்பர் சொன்னேன். பதினேழுதான் வந்துச்சு." டம்ளரை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். "அப்புறம் அந்தம்மா எத்தனாவதுன்னு கேட்டுச்சு. எனக்கென்ன வெக்கம், ரெண்டாவதுன்னேன். படிக்காதவங்களுக்கு ரெண்டு மார்க்கு கூட்டிப் போடற ரூல் இருக்காம்ல. பத்தொம்பது. வாழ்க்கையில முதல் தடவையா படிக்காம பாஸாயிருக்கேன். உனக்கும்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். அப்பா எத்தனாவது என்று அவருக்குத் தெரியும். டிப்போவில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்பா களிம்புக் குப்பியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திருகினார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். தீக்குச்சிகளுக்கு நடுவே பார்த்த அதே பார்வை.

இந்த முறை அவள் குனியவில்லை.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மேடம் கேக்கும்போதே?"

"கேக்கும்போதே தெரியும்பா."

அடுக்களை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். ஹாரன் பெரியப்பா, "நான் ஒரு ஓட்டை வாயி," என்று எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு, பள்ளிக்கூடத்துக்கிட்ட..." என்று அவள் தொடங்கினாள்.

"அது வண்டி. அலைன்மென்ட்."

"மெக்கானிக் மூணு தடவை பாத்துட்டான்பா. வண்டியில ஒண்ணும் இல்ல."

இதுவரை அந்த வீட்டில் யாரும் அவரிடம் நேராகச் சொல்லாதது அது. அவர் தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"நல்லாத்தான் படிச்சிருக்க," என்றார். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் காலையில் அம்மா கண்ணாடியை நிமிர்த்தவில்லை. முந்தின நாள் அப்பா சாய்த்து வைத்தபடியே அது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பல் துலக்கிவிட்டு வந்து அதன் முன்னால் நின்றார். கையைத் தூக்கி, சட்டத்தைத் தொட்டு, தொட்ட கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மகள் இரண்டடி தூரத்தில் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அடுக்களையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏய், இது நேரா இருக்கா?"

அம்மா வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

"நேராத்தாங்க இருக்கு."